பிழையை என் பேர்ல போடுங்க

எங்கள் ஊர் கார்வர் ஃபால்ஸில் காரோட்டத் தெரிந்தும் சைக்கிளில் போகிறவர்கள் அதிகம். அதற்குக் காரணம் ஆர்வில் லிண்ட்க்விஸ்ட். ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகத்தில் அவர்தான் சோதனை அதிகாரி. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஊரில் பாதிப் பேரைத் தோற்கடித்தவர். தன் மைத்துனனை மூன்று தடவை தோற்கடித்தார். நான்காவது தடவை மைத்துனன் வேறு மாநிலத்துக்கே குடிபோய்விட்டான்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் எங்கள் பேஸ்பால் சங்கத்துக்கு அதிகாரபூர்வ ஸ்கோரர் தேவைப்பட்டது. இரக்கம் என்பதே இல்லாத ஆளாக வேண்டும் என்று லீக் கேட்டிருந்தது. ஊரில் யாருக்கும் வேறு பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை.

நான் வெர்ன். பகலில் தானியக் கிடங்கில் மூட்டை தூக்குவேன். ஆட்டம் உள்ள நாளில் மைதானத்தின் கோடியில் இருக்கும் தகரப் பலகையில் எண்களை மாட்டுவேன். ஓட்டம், ஹிட், பிழை என்று மூன்று கட்டங்கள். உள்ளே குளவிக்கூடு, ஒரு ஏணி, ஒரு டெலிபோன். கண்ணாடி அறையிலிருந்து லிண்ட்க்விஸ்ட் போனில் ஒரு வார்த்தை சொல்வார். நான் ஏறுவேன். அவர் மனம் மாறினால் இன்னொரு வார்த்தை சொல்வார். நான் மறுபடி ஏறுவேன். என் முழங்கால் இரண்டும் அவருடைய மனச்சாட்சியால் தேய்ந்தவை.

ஸ்கோரர் செய்வது இதுதான். மட்டைக்காரன் பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் மூலையை அடைந்துவிடுகிறான். அது அவன் திறமையா, பந்தைப் பிடித்திருக்க வேண்டியவனுடைய தவறா? திறமை என்றால் ஹிட். தவறு என்றால் பிழை. பிழை செய்தவன் பெயர் பதிவாகும். அவன் செத்த பிறகும் அது அழியாது. இதைக் கண்டுபிடிக்க விதியில் ஒரு அளவுகோல் இருக்கிறது: சாதாரண முயற்சி. சாதாரண முயற்சியில் பிடித்திருக்கக்கூடிய பந்தை விட்டால் பிழை.

சாதாரண முயற்சி என்றால் என்ன என்று கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டார்.

போன வருஷம் எங்கள் இடதுபக்கக்காரன் பார்னி, உயரமாக வந்த பந்தைச் சூரியனில் தொலைத்துவிட்டு, விளக்குக் கம்பம் மாதிரி நின்றான். பந்து அவன் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது. ஹிட் என்றார் லிண்ட்க்விஸ்ட். பார்னி பந்தைத் தொடவே இல்லையாம். மறுநாள் நடுவில் நின்றவன் வேலிவரை ஓடி, பாய்ந்து, விரல் நுனியில் தொட்டுத் தவறவிட்டான். பிழை என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்டக்காரர்களில் புத்திசாலிகள் ஓடுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில்தான் ஆகஸ்ட் மாதத்தில் டுவேன் குபியாக்கின் ஆட்டம் வந்தது.

குபியாக் எங்கள் பிட்சர். தலை நரைத்த பிட்சர். குளிர்காலத்தில் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுவார், கோடையில் பந்து எறிவார். பெரிய லீக் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. அந்த சீசனோடு அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், அவர் நாய்க்கும் தெரியும். அந்த மனிதர் அன்றைக்கு ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முடிகிறவரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஆட்டம் முழுக்க அப்படியே முடிந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. பெரிய லீக்கிலேயே பல பேருக்கு வாய்க்காதது. ஒரு பிட்சரின் பெயரைச் சொன்னதும் "ஓ, அவரா?" என்று கேட்கவைப்பது.

அப்படி நடந்துகொண்டிருக்கும்போது அதை வாயால் சொல்லக்கூடாது. இது விதியில் இல்லை, ஆனால் விதியைவிடப் பெரியது. பெஞ்சில் குபியாக்குக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பேசவில்லை. அவர் தும்மினார், யாரும் ஆசீர்வாதம்கூடச் சொல்லவில்லை. தொழுநோய்க்காரரை மாதிரி ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தார். நானும் ஹிட் கட்டத்தில் தொங்கிய பூஜ்யத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. குளவியிடம்கூடச் சொல்லவில்லை.

எட்டாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். புதிதாக வந்த அறிவிப்பாளர் சிப் ராஸ்முசென், ரேடியோவில் விதை விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தவன், ஒலிபெருக்கியில் உற்சாகமாகச் சொன்னான்: "மக்களே, கவனிச்சீங்களா? குபியாக் இதுவரைக்கும் ஒரு ஹிட்டும் கொடுக்கல!"

மைதானம் முழுக்க மூச்சு நின்றது. முன்வரிசையில் ஒரு பெண்மணி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மைதானத்தில் சாப்பாட்டுக்கடை போட்டிருக்கும் மார்ஜ் கையிலிருந்த சாசேஜைக் கீழே போட்டாள்.

அடுத்த பந்து. மட்டைக்காரன் அதைத் தரையோடு ஷார்ட்ஸ்டாப் பக்கம் தட்டினான். இரண்டாவது மூலைக்கும் மூன்றாவது மூலைக்கும் நடுவில் நிற்பவன்தான் ஷார்ட்ஸ்டாப். எங்களுடையவன் நெல்சன் பாட்டிஸ்டா, மீசை இன்னும் ஒழுங்காக முளைக்காத டொமினிக்கன் பையன். அவன் தூங்கிக்கொண்டே பிடிக்கக்கூடிய பந்து அது. குனிந்து கையுறையை வைத்தான். பந்து அவன் முன்னால் வந்து, என்னவோ நினைத்துக்கொண்ட மாதிரி எகிறி, அவன் தோளைத் தாண்டிப் போய்விட்டது.

எல்லோரும் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தோம். லிண்ட்க்விஸ்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி துடைத்தார். போன் அடித்தது.

"வெர்ன். ஹிட்."

நான் ஏறினேன். பூஜ்யத்தைக் கழற்றினேன். போன் அடித்தது.

"இரு. யோசிக்கிறேன்."

ஏணியில் ஒரு கை, பூஜ்யத்தில் ஒரு கை. ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒரு குளவி என்னைப் பற்றி யோசித்து முடித்துவிட்டது.

"தொடல அவன். ஹிட்தான். மாட்டு."

குபியாக் மீதியை எறிந்து முடித்தார். வேறு யாரும் அடிக்கவில்லை. இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். ஜெயித்தவர்கள் எல்லாரும் சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் மாதிரி வெளியே போனார்கள்.

மறுநாள் காலையில் லிண்ட்க்விஸ்ட் வீட்டு வாசலில் வரிசை. அவர் புல் வெட்டும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். முதலில் நெல்சன்.

"மிஸ்டர் லிண்ட்க்விஸ்ட், தப்பு என்னுது சார். பிழைன்னு போட்டுருங்க. டுவேனுக்கு ஹிட் இல்லாமப் போயிரும்ல?"

"உன் தப்பு இல்லையே தம்பி. பந்து எகிறுச்சு. நான் பாத்தேன்."

"எகிறினாலும் நான் புடிச்சிருக்கணும்."

"அது அசாதாரண முயற்சி. விதியில சாதாரணம்தான் கேட்டிருக்கு."

"அப்ப தொட்டேன்னு வச்சுக்கங்க. சுண்டுவிரல்ல லேசா பட்ட மாதிரி இருந்துச்சு."

"படல."

"என் விரல் சார்! எனக்குத் தெரியாதா?"

"ஆட்டக்காரனோட அபிப்பிராயத்த ஸ்கோரர் கணக்குல எடுத்துக்கக் கூடாது," என்றார் லிண்ட்க்விஸ்ட். "நீ ஆசைப்பட்டேங்கிறதுக்காக உன்னக் குத்தவாளி ஆக்க முடியாது. அதுக்குத் தகுதி வேணும்."

நெல்சன் ஓரமாகப் போய்ப் படியில் உட்கார்ந்தான். அடுத்தது சிப்.

"பிழைய என் பேர்ல போடுங்க சார். நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா பந்து எகிறியிருக்காது. ராத்திரி பூரா தூக்கமில்ல. வீட்டு ஜன்னல்ல தக்காளி."

"உனக்கு எண் இருக்கா? பிட்சர் ஒண்ணு, கேட்சர் ரெண்டு, ஷார்ட்ஸ்டாப் ஆறு, இப்பிடி ஒன்பதோட முடியுது. ஒலிபெருக்கிக்கு எண் கிடையாது."

மைதானத்தில் மண் சமன்படுத்தும் ஓட்டோ வந்து, கல் ஒன்று கிடந்திருக்கலாம், அது தன் பொறுப்பு என்றான். கல்லைக் காட்டச் சொன்னார். ஓட்டோ கோட்டுப் பையிலிருந்து கைநிறையக் கற்களை எடுத்து, இதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்றான். மார்ஜ், தன் கடைப் புகை நெல்சன் கண்ணில் பட்டிருக்கும் என்று ஒப்புக்கொண்டாள். வரிசையில் கடைசியாக நானும் நின்றேன். நான் என்ன குற்றம் செய்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் நின்றார்கள், நானும் நின்றேன்.

"நீ என்ன?" என்றார்.

"பூஜ்யம் கொஞ்சம் கோணலா தொங்குச்சு சார்."

லிண்ட்க்விஸ்ட் புல்வெட்டும் எந்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "வாழ்நாள் பூரா ஜனங்களப் பெயிலாக்கியிருக்கேன், வெர்ன். அழுதிருக்காங்க, திட்டியிருக்காங்க, ஒருத்தி குடையால அடிச்சா. 'என்னப் பெயிலாக்குங்க'ன்னு ஒருத்தன்கூட வந்ததில்ல. இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

குபியாக் மட்டும் வரவில்லை. சாயங்காலம் டயர் கடையில் பார்த்தேன். ஒரு டிராக்டர் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போய்க் கேக்க மாட்டேன்," என்றார் தலையை நிமிர்த்தாமல். "கேட்டு வாங்குனா அது என்ன மரியாதை? ஆனா ஒண்ணு சொல்றேன், வெர்ன். அந்தப் பந்து மெத்தையில உருள்ற மாதிரி போச்சு. நான் எறிஞ்சதுலயே நல்ல பந்து அது." கொஞ்ச நேரம் டயரைத் திருகினார். "கொடுத்தா வேணாம்னு சொல்ல மாட்டேன். அத யார்கிட்டயும் சொல்லாத."

அதை அன்றைக்கே எல்லோரிடமும் சொன்னேன்.

லிண்ட்க்விஸ்ட் நேர்மையான மனிதர். மனசு மாறினால் வரிசைக்குப் பயந்து மாறியதாக ஆகிவிடும். மாறாவிட்டால் பிடிவாதத்துக்காக மாறவில்லை என்று ஆகிவிடும். எனவே விஷயத்தைத் தலைநகரிலுள்ள லீக்கின் மதிப்பீட்டுக் குழுவிடம் ஒப்படைத்தார். குழுவில் மூன்று பேர்: ஒரு பல் வைத்தியர், ஒரு விதை வியாபாரி, தலைவர் பிரெஸ்காட் ஹாவர்லி. வைத்தியரும் வியாபாரியும் தலைவர் தும்மினால் கைக்குட்டை எடுப்பவர்கள். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை பதிவேடு மூடப்படும். அதற்குள் தீர்ப்பு வராவிட்டால் பலகையில் என்ன இருக்கிறதோ அதுவே நிலைக்கும். பலகையில் ஒரு ஹிட் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசி சனிக்கிழமை குழு நேரிலேயே வந்து இறங்கியது. ஹாவர்லி குட்டையான மனிதர். சாம்பல் நிறக் கோட்டு, சட்டைப் பையில் மடித்த கைக்குட்டை, நடக்கும்போது சத்தம் போடும் பூட்ஸ். விசாரணையை மைதானத்திலேயே நடத்த வேண்டும், அந்தப் பந்தை மறுபடி அடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். பிட்சர் மேட்டில் நின்று ஒலிபெருக்கியில் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இது தனியான நிகழ்ச்சி என்று யாரும் நினைக்க வேண்டாம். எட்டாவது இன்னிங்ஸின் அந்தக் கணம் இன்னும் முடியவில்லை என்றே குழு கருதுகிறது. அன்று நடந்தது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. இன்று இங்கே நடப்பதுதான் அன்று நடந்தது. எனவே இன்று ஸ்கோரர் தம் ஆசனத்திலிருந்து சொல்வது பதிவேட்டில் ஏறும். ஆட்டம் என்றால் ஆட்டத்துக்குரிய அனைத்தும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

ஆட்டத்துக்குரிய அனைத்தும் என்று தலைவரே சொல்லிவிட்டதால், தேசிய கீதம் பாடினோம். மார்ஜ் அடுப்பைப் பற்றவைத்தாள். வாசலில் சீட்டுக் கிழித்தார்கள். வழக்கமான ஆட்டத்துக்கு வருவதைவிட அதிகக் கூட்டம். நான் ஹிட் கட்டத்தில் ஒன்று, பிழைக் கட்டத்தில் பூஜ்யம் இருப்பதைச் சரிபார்த்துவிட்டுக் குளவிகளோடு காத்திருந்தேன்.

ஹாவர்லி தொடர்ந்தார். "நான் என் வாழ்நாளில் பேஸ்பால் பந்தைக் கையால் தொட்டதில்லை. அதனால்தான் பாரபட்சமின்றித் தீர்ப்பளிக்க முடிகிறது. ஆடியவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருக்கும். அது ஆபத்து. சாதாரண முயற்சி என்பது என்ன? இந்தக் கேள்வியோடு குழு பல ஆண்டுகளாகப் போராடி, கடைசியில் விடை கண்டிருக்கிறது. சாதாரண ஆட்டக்காரர் செய்வதே சாதாரண முயற்சி. அந்தச் சாதாரண ஆட்டக்காரரைக் கையோடு அழைத்து வந்திருக்கிறோம்."

பக்கத்து ஊர் அணியின் ஷார்ட்ஸ்டாப் ஜீன் ஹால்வர்சன் வெளியே வந்தான். லீக்கிலுள்ள எல்லா ஷார்ட்ஸ்டாப்புகளின் பிடிப்புகளையும் கூட்டி வகுத்துப் பார்த்ததில் சரியாக நடுவில் விழுந்தவன் அவன்தானாம். இதைப் பத்திரிகையில் வேறு போட்டிருந்தார்கள்: லீக்கின் மிகச் சாதாரணமான மனிதர் சனிக்கிழமை வருகிறார்.

ஹால்வர்சன் முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது.

எங்கள் மேனேஜர் டச் மெக்கார்டில் ஒல்லியான பயிற்சி மட்டையை எடுத்து, அன்றைய பந்து போலவே தரையோடு ஒன்றைத் தட்டினார். ஓட்டோ தன் கற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதே இடத்தில் பதித்திருந்தான். பந்து கல்லில் பட்டு எகிறியது. ஹால்வர்சன் பூனை மாதிரி பின்னால் துள்ளி, வெறுங்கையால் பந்தைக் காற்றில் பறித்து, கீழே விழுவதற்கு முன்பே முதல் மூலைக்கு எறிந்தான். கூட்டம் எழுந்து கூவியது.

"நிராகரிக்கப்படுகிறது," என்றார் ஹாவர்லி. "இது அசாதாரணம்."

இரண்டாவது பந்து. ஹால்வர்சன் பாய்ந்து, உருண்டு, முதுகில் படுத்தபடியே எறிந்தான்.

"நிராகரிக்கப்படுகிறது! மிஸ்டர் ஹால்வர்சன், உங்கள் வழக்கமான தரத்தைக் கடைப்பிடியுங்கள்."

"இதான் என் தரம்!"

"ஆவணங்கள் அப்படிச் சொல்லவில்லை."

"சார், என் பொண்டாட்டி அங்க உக்காந்திருக்கா. அவ அம்மாவும் உக்காந்திருக்கா. பேப்பர்ல போட்டத வெட்டி ஐஸ்பெட்டியில ஒட்டி வச்சிருக்காங்க. நான் சாதாரணமாப் புடிச்சிட்டு அந்த வீட்டுக்குப் போவேன்னு நெனைக்கிறீங்களா?"

"சாதாரணமாப் புடிச்சிட்டுப் போடா!" என்று மேலே இருந்து யாரோ கத்தினார்கள்.

"நீ வந்து புடி!" என்று ஹால்வர்சன் திருப்பிக் கத்திவிட்டு, இரண்டாவது மூலைத் திண்டின் மேல் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிவிட்டான். சாதாரண ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்.

குழு கூடிப் பேசியது. பல் வைத்தியர் மதியச் சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொன்னார். பெஞ்சின் ஓரத்தில் குபியாக், சாதாரண உடையில், கையில் மார்ஜ் கடை சாசேஜ் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்தக் கணம் இன்னும் முடியவில்லை என்று தலைவர் சொல்லிவிட்டாரே, சகுனமும் முடியவில்லை. சிப்பை ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே விடாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போதும். சாதாரணம் என்பதற்கு இவ்வளவு நாடகம் வேண்டியதில்லை. என்னைவிடச் சாதாரணமான மனிதன் இந்த மாநிலத்தில் இல்லை. ஆளுநரே ஒரு விருந்தில் இதை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். கையுறையைக் கொடுங்கள்."

நெல்சன் ஓடிவந்து தன் கையுறையைக் கொடுத்தான். ஹாவர்லி அதை வலது கையில் போட்டார். நெல்சன் மரியாதையாகக் கழற்றி இடது கையில் மாட்டிவிட்டான். கோட்டைக் கழற்றச் சொன்னதற்கு, தலைவர் கோட்டுடன்தான் இருப்பார் என்று விதை வியாபாரி பதில் சொன்னார்.

ஹாவர்லி ஷார்ட்ஸ்டாப் இடத்தில் போய்க் குனிந்தார். ஓட்டோ கல்லை வைக்கப் போனான்.

"கல் வேண்டாம்," என்றார் தலைவர். "கல் இருந்ததாக நிரூபணம் ஆகவில்லை."

"சாருக்கு மெதுவா ஒண்ணு," என்று டச் முணுமுணுத்துவிட்டு, பாவம் பார்த்து, குழந்தைக்கு உருட்டிவிடுகிற மாதிரி ஒன்றைத் தட்டினார். பந்து புல்லில் உருண்டு வந்தது. எகிறவில்லை. திரும்பவில்லை. நேராக ஹாவர்லியிடம் வந்து, அவர் கையுறைக்குள் நுழைந்து, ஏதோ மறந்துவிட்ட மாதிரி வெளியே வந்தது. அவர் குனிந்தார். பூட்ஸ் பந்தை உதைத்தது. துரத்திப்போய் எடுத்தார். நிமிர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பந்தை எறிந்தார். அது முதல் மூலையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மார்ஜ் கடைக் கடுகுச் சட்டியில் போய் விழுந்தது.

ஒரு சத்தமும் இல்லை. கடுகு சொட்டும் சத்தம் கேட்டது என்று மார்ஜ் பிற்பாடு சொன்னாள்.

எல்லோரும் பழக்கதோஷத்தில் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தோம்.

லிண்ட்க்விஸ்ட் கண்ணாடியைத் துடைக்கவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. அப்படி ஒரு வேகத்தில் அவர் தீர்ப்புச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. போன் அடித்தது.

"வெர்ன். பிழை. ஷார்ட்ஸ்டாப்."

"ஷார்ட்ஸ்டாப் யாரு சார்? நெல்சனா?"

"நான் பாத்த ஷார்ட்ஸ்டாப்பு கோட்டு போட்டிருந்தாரு."

"அப்ப ஹிட்டு?"

"ஒரே பந்துக்கு ஹிட்டும் பிழையும் எப்பிடிடா இருக்கும்? எறக்கு."

என் முழங்கால் அன்றைக்கு வலிக்கவே இல்லை. ஒன்றைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினேன், பூஜ்யத்தைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டினேன், கோணல் இல்லாமல். மைதானம் முழுக்க அதைப் படித்தது. ஹாவர்லியும் படித்தார். அவருடைய பேச்சிலிருந்த கோட்டும் கைக்குட்டையும் கழன்று விழுந்தன.

"அது எப்பிடிப் பிழை? யோவ்! பந்து எகிறுச்சுய்யா! கல்லு இருந்துச்சு!"

"கல் வேணாம்னீங்களே சார்," என்றான் ஓட்டோ.

"வெயில் கண்ணுல பட்டுச்சு!"

"மேகமா இருக்கு சார்," என்றான் நெல்சன் வருத்தத்தோடு. பிழை தன்னைத் தாண்டிப் போய்விட்டதே என்று அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

"கையுற சரியில்ல! புல்லு ஈரம்! இவன் வேணும்னே மெதுவா அடிச்சான்!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்டக்காரர்கள் மெல்ல எழுந்து நின்றார்கள். இந்த வரிகள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் இதே வரிசையில் சொல்லியிருக்கிறார்கள்.

லிண்ட்க்விஸ்ட் படியிறங்கி வந்தார். ஸ்கோரராக இருந்த காலம் முழுக்க அவர் மைதானப் புல்லில் கால் வைத்ததில்லை. தலைவர் முன்னால் வந்து தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும் மிஸ்டர் ஹாவர்லி. ஆட்டக்காரரோட அபிப்பிராயத்த நான் கணக்குல எடுத்துக்க முடியாது."

"நான் ஆட்டக்காரன் இல்ல! நான் தலைவர்!"

"இன்னிக்கு நடக்கறதுதான் அன்னிக்கு நடந்ததுன்னு காலைல நீங்கதான் சொன்னீங்க. என் ஆசனத்துலருந்து சொல்றது பதிவேட்டுல ஏறும்னும் சொன்னீங்க. சாதாரண மனுசன் யாரும் எடுக்கலாம்னு எறங்குனதும் நீங்கதான். நான் பாத்ததச் சொல்றேன். அது சாதாரண முயற்சியில எடுக்க வேண்டிய பந்து."

"மேல்முறையீடு செய்வேன்!"

"தாராளமா. மதிப்பீட்டுக் குழுவுக்கு மனுப் போடுங்க."

ஹாவர்லி குழுவின் பக்கம் திரும்பினார். பல் வைத்தியர் தொண்டையைச் செருமினார். தன் வழக்கில் தானே உட்காரக் கூடாது என்று தலைவர்தான் போன வருஷம் விதி எழுதினார் என்பதை ஞாபகப்படுத்தினார். தலைவர் இல்லாமல் குழு கூடக் கூடாது என்றும் அவர்தான் எழுதினார் என்று விதை வியாபாரி சேர்த்துச் சொன்னார். இரண்டு விதியும் ஒரே பக்கத்தில் இருந்தனவாம். மேல்முறையீடு ஏற்கப்பட்டது. அதை விசாரிக்க ஆளில்லை. திங்கள்கிழமை பதிவேடு மூடப்பட்டது.

அந்தச் சனிக்கிழமையே நடந்தது இன்னொன்று. சிப்பைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டார்கள். அவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை அழுதுகொண்டே, அதையே சொன்னான்: "மக்களே, குபியாக் ஒரு ஹிட்டும் கொடுக்கல!" டச் முதலில் ஓடினார். அப்புறம் எல்லோரும். தண்ணீர்த் தொட்டி ஒன்று கவிழ்ந்து குபியாக்கின் சட்டையும் சாசேஜும் நனைந்தன. அத்தனை நாளாகப் பக்கத்தில் உட்காராதவர்கள் எல்லாரும் ஒரேயடியாக அவர் மேல் உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து, "ரொட்டி! ரொட்டி நசுங்குது!" என்று அவர் கத்துவது பலகைவரை கேட்டது.

மறுவாரம் அவரை அனுப்பிவிட்டார்கள். டயர் கடையில் கல்லாவுக்கு மேலே பலகையின் புகைப்படம் மாட்டியிருக்கிறது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள், "ஓ, அவரா நீங்க?" என்கிறார்கள். சிலர் பஞ்சர் இல்லாமலும் வருகிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டத்தன்று பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்வது எங்கள் வழக்கம். அடுத்த வருஷம் அந்த நாளில் வாசலில் ஒரே சச்சரவு. ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் சின்ன வாசலில், சாம்பல் கோட்டு போட்ட ஒரு குட்டை மனிதர் காவலாளியோடு மல்லுக்கு நின்றார்.

"அதிகாரிங்க பெரிய வாசல்ல போகணும் சார்."

"நான் அதிகாரியா வரல. நான் இங்க ஆடியிருக்கேன். பதிவேட்டப் பாருய்யா. ஹாவர்லி, ஷார்ட்ஸ்டாப். ஒரு ஆட்டம்."

"பிழை ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"அது மேல்முறையீட்டுல இருக்கு."

குபியாக் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வெளியே வந்து, எண்ணெய் படிந்த கையை அந்தக் கோட்டின் தோளில் போட்டு, அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். வரிசையாக நின்ற ஆட்டக்காரர்களின் நடுவில், நெல்சனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"யாரு டுவேன் இவரு?" என்று கேட்டான், அந்த சீசனில் இல்லாத ஒருவன்.

"அன்னிக்கு என் ஷார்ட்ஸ்டாப்," என்றார் குபியாக். "கை சுத்த ஓட்டை. ஆனா வேணுங்கிற நேரத்துக்கு விட்டாரு."

ஹாவர்லி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வெயிலு."

நான் பலகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வானம் முழுக்க மேகம்.